ஆடிக்குள் சுழலுமா? வீட்டுக் காற்றாலை: வாசகர் கேள்வி – பதில்

குழப்பம் வராமல் இருக்க ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே அளவு இயந்திரத்துக்கானவை: 2.4 மீட்டர் விட்டம், 3 மர இறக்கை, கியர் இல்லாமல் இறக்கையோடு நேராகச் சுற்றும் நிலைக்காந்த ஜெனரேட்டர், 24 வோல்ட் பேட்டரி. இரண்டு இரும்புத் தட்டுகளில் காந்தங்கள், அவற்றின் நடுவே ரெசினில் வார்த்த செம்புக் காயில்கள்; இந்த வார்ப்புதான் ஸ்டேட்டர். ஸ்காட்லாந்தின் ஸ்கோரெய்க்கில் ஹ்யூ பிகாட் செய்து செய்து மெருகேற்றிய இந்த வடிவம்தான் இன்று உலகெங்கும் வீட்டுப் பட்டறைகளில் உருவாகிறது.

பழைய கார் ஆல்டர்னேட்டரோ சீலிங் ஃபேன் மோட்டாரோ இருக்கும்போது காந்தம் வாங்கிச் செலவு செய்வானேன்? (சுரண்டை)

கார் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1,000 சுற்றைத் தாண்டினால்தான் உருப்படியாக சார்ஜ் தரும். விநாடிக்கு 5 மீட்டர் காற்றில் உங்கள் இறக்கை சுற்றப்போவது 260 சுற்று. பெல்ட், கியர் போட்டு வேகத்தைக் கூட்டினால் கிடைக்கிற சொற்ப சக்தியை உராய்வு தின்றுவிடும். அதோடு ஆல்டர்னேட்டரில் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்கே பேட்டரியிலிருந்து 30, 40 வாட் போகவேண்டும். காற்றில்லாத இரவில் பேட்டரி காலியாவதுதான் மிச்சம்.

சாதாரண சீலிங் ஃபேனில் காந்தமே கிடையாது. அது இன்டக்‌ஷன் மோட்டார். பி.எல்.டி.சி. ஃபேனில் காந்தம் உண்டு. ஆனால் அது 30 வாட் அளவுக்குச் செய்த மோட்டார். பள்ளிக்கூடக் கண்காட்சியில் ஒரு எல்.இ.டி. விளக்கு எரிய வைக்கலாம்.

காந்தம் எத்தனை, காயில் எத்தனை, கம்பி என்ன கேஜ்? அளவுகளைச் சொல்லுங்கள். (உடுமலைப்பேட்டை)

தட்டு: 300 மி.மீ. விட்டம், 10 மி.மீ. கனம், மைல்டு ஸ்டீல், 2 எண்ணம். லேத்துக்காரர் எவர்சில்வரோ அலுமினியமோ தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காந்தப்புலம் தட்டு வழியாகத் திரும்பி ஓடவேண்டும். அதற்கு இரும்புதான் பாதை.

காந்தம்: 46 × 30 × 10 மி.மீ. நியோடிமியம், என்-40 தரம், தட்டுக்கு 12 வீதம் 24. நீளப் பக்கம் மையத்தைப் பார்த்திருக்க, வெளி முனை தட்டின் விளிம்போடு ஒட்டி உட்காரும். வடக்கு, தெற்கு என்று மாறி மாறி வரவேண்டும். எதிரெதிர்த் தட்டுகளில் நேருக்கு நேர் நிற்கும் காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கவேண்டும். இரண்டு தட்டிலும் ஒரே இடத்தில் ஒரு துளை போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டும்போது ஒரு காந்தம் தள்ளிப் பொருத்திவிட்டால் வடக்கும் வடக்கும் எதிரே வந்து மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும்.

காயில்: 9. காயிலின் நடு ஓட்டை காந்தத்தின் அளவே, அதாவது 46 × 30. கனம் 13 மி.மீ. கால்களின் அகலம் 21 மி.மீ.க்குள் அடங்கவேண்டும், மீறினால் 9 காயில் வட்டத்தில் உட்காராது. 24 வோல்ட்டுக்கு 16 கேஜ் எனாமல் செம்புக்கம்பியில் 75 சுற்று. 12 வோல்ட் என்றால் அதே கம்பியை இரட்டையாகப் பிடித்து 38 சுற்று. 24-க்குச் செம்பு மொத்தம் சேதாரத்தோடு 3 கிலோ வாங்கினால் போதும்.

சுற்றி முடித்ததும் ஒவ்வொரு காயிலையும் தராசில் போடுங்கள். ஒவ்வொன்றும் 300 கிராம் வாக்கில் இருக்கும்; ஒரு சுற்றுக்கு 4 கிராம். ஒன்று மட்டும் 10 கிராம் குறைந்தால் எண்ணிக்கை தப்பியிருக்கிறது என்று அர்த்தம். வார்ப்புக்குள் போனபிறகு கண்டுபிடிக்க முடியாத தவறு இது.

75 என்பது காந்தங்களுக்கு நடுவே 17 மி.மீ. இடைவெளி, நிமிடத்துக்கு 140 சுற்றில் சார்ஜ் தொடக்கம் என்று வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் காந்தம் கடைக்காரர் சொன்ன தரத்தில்தான் இருக்குமா? அதனால் 9 காயிலையும் சுற்றும் முன் ஒன்றை மட்டும் சுற்றி, இரு தட்டுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். விநாடிக்கு 2 சுற்று வேகத்தில் சுழற்றினால் மீட்டரில் 3.1 வோல்ட் ஏ.சி. காட்டவேண்டும். 2.8 தான் வருகிறதென்றால் 75-ஐ 3.1-ஆல் பெருக்கி 2.8-ஆல் வகுங்கள்: 83 சுற்று. மிக மலிவான மீட்டர் இவ்வளவு குறைந்த அலைவெண்ணில் தப்பாகக் காட்டக்கூடும். இந்த ஒரு வேலைக்கு நல்ல மீட்டரை இரவல் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

இணைப்பு: 1, 4, 7 ஒரு ஃபேஸ் (ஒன்றாகச் சேரும் காயில் வரிசை), 2, 5, 8 அடுத்தது, 3, 6, 9 மூன்றாவது. ஒவ்வொன்றிலும் மூன்று காயிலைத் தொடராக, ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு இணையுங்கள். மூன்று ஃபேஸின் தொடக்க முனைகளையும் ஒன்றாகக் கட்டினால் அது ஸ்டார் இணைப்பு. மீதி மூன்று முனைகள் வெளியே வரும். எல்லாக் காயிலும் ஒரே பக்கமாகச் சுற்றியிருக்கவேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அந்த ஃபேஸ் மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிடும்.

ஸ்டேட்டர் வார்க்கும்போது புகை வந்து ரெசின் வெடித்துவிட்டது. ஏன்? (பல்லடம்)

கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) அதிகம், அல்லது ரெசினை மட்டும் தனியாக மொத்தமாக ஊற்றியிருக்கிறீர்கள். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது தன்னாலேயே சூடாகும். கனமாக ஊற்றினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் விரிசல் விடும். நம் ஊர் மதிய வெயிலில் 1 சதவீதக் கேட்டலிஸ்டே தாராளம். காலை 6 மணிக்கு ஊற்றுவது உத்தமம். ரெசினோடு கிட்டத்தட்ட அதே எடைக்கு டால்க் பவுடரைக் கலந்தால் சூடும் அடங்கும், சுருக்கமும் குறையும். முதல் கொஞ்சத்தை மட்டும் பவுடர் கலக்காமல் ஊற்றி, அது காயிலுக்குள் இறங்க நேரம் கொடுங்கள். அச்சின் அடியிலும் மேலேயும் ஒரு அடுக்கு ஃபைபர் மேட் வையுங்கள். மேட் இல்லாத ஸ்டேட்டர் பார்க்க அழகாயிருக்கும். போல்ட் முறுக்கும்போது பிளக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில கடைகளில், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸலரேட்டரைத் தனிப் புட்டியில் தருவார்கள். அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்டைச் சேர்க்கவேண்டும். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே கரண்டியைக்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

இரண்டாவது தட்டை எப்படி மாட்டுவது? நண்பர் ஒருவருக்கு விரல் நசுங்கிவிட்டது. (கோபிசெட்டிபாளையம்)

கையால் மாட்டவே கூடாது. 17 மி.மீ. இடைவெளியில் இரண்டு தட்டுக்கும் இடையே உள்ள இழுப்பு கணக்குப்படி சுமார் 250 கிலோ எடைக்குச் சமம். நெருங்க நெருங்க இன்னும் ஏறும். மேல் தட்டில் 120 பாகை இடைவெளியில் மூன்று எம்-10 மரை போடச் சொல்லுங்கள். அவற்றில் நீண்ட ஸ்டட்டுகளை (நெடுக மரை போட்ட கம்பிகளை) முறுக்கி, அவற்றின் மேல் தட்டை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி இறக்குங்கள். கழற்றுவதும் அதே ஸ்டட்டால்தான். வேலை செய்யும் மேசையில் ஸ்பானர், ஆணி, அரப்பொடி எதுவும் இருக்கக்கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அந்தப் பக்கமே வரவேண்டாம்.

கோபுரத்தில் ஏற்றும் முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? (தாராபுரம்)

உங்கள் கைதான் மீட்டர். மூன்று ஒயரும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போது சக்கரத்தைத் தள்ளினால் சும்மா, நீண்ட நேரம் சுற்றவேண்டும். ஏதேனும் இரண்டு ஒயரைச் சேர்த்துப் பிடியுங்கள்: தட்டுத் தட்டென்று விட்டுவிட்டுப் பிடிக்கும். மூன்று ஜோடியிலும் அந்தத் துடிப்பு ஒரேபோல் இருக்கவேண்டும். மூன்றையும் சேர்த்தால் துடிப்பு மறைந்து, தேனில் கரண்டியைச் சுற்றுவதுபோல் ஒரே சீராகக் கனக்கும்.

ஒயர்கள் பிரிந்திருக்கும்போதே கனத்தால் உள்ளே எங்கோ ஷார்ட். மூன்றையும் சேர்த்தபிறகும் துடித்தால் ஒரு ஃபேஸ் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு காயில் தலைகீழாக இருக்கிறது. மேலே ஏற்றி ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் திடீரென்று உறுமி அதிர ஆரம்பித்தால் முதலில் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையரைப் பாருங்கள். அதிலுள்ள ஒரு டயோடு போனாலும் இதே உறுமல்தான். இறக்கை மேல் பழி போட்டு வீணாகக் கீழே இறக்காதீர்கள்.

மெல்லிய காற்றிலேயே சார்ஜ் ஏற ஆரம்பிக்கிறது. ஆனால் பலத்த காற்றிலும் 6, 7 ஆம்பியரைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. காந்தம் பலம் போதவில்லையா? (கம்பம்)

நேர்மாறு. உங்கள் ஜெனரேட்டர் பலம் கூடிப்போனது. வீட்டுக் காற்றாலைகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இறக்கை காற்றின் வேகத்துக்கு ஏற்ற விகிதத்தில் சுற்றினால்தான் சக்தி தரும். இந்த இறக்கையின் நுனி, காற்றைப்போல் 6 முதல் 7 மடங்கு வேகத்தில் ஓடவேண்டும். காற்று இரட்டித்தால் சுற்றும் இரட்டிக்கவேண்டும். ஆனால் பேட்டரி அப்படி விடாது. அது 24 வோல்ட்டை விட்டு அதிகம் நகராது. ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தையும் அங்கேயே பிடித்துக் கட்டிவிடும். மின்னழுத்தம் கட்டுப்பட்டால் சுற்றும் கட்டுப்பட்டதுதான். காயிலின் மின்தடை கொடுக்கும் சிறு தளர்வில் மட்டும்தான் வேகம் ஏற இடம் கிடைக்கும்.

உங்களுடையது 100 சுற்றிலேயே சார்ஜைத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று விநாடிக்கு 8 மீட்டராக வீசும்போது இறக்கை 400 சுற்றுக்கு மேல் போக விரும்புகிறது. ஜெனரேட்டர் 200-க்குள் பிடித்து இழுக்கிறது. நுனி வேகம் காற்றைப்போல் 3 மடங்குதான். அந்த நிலையில் காற்று இறக்கையின் முதுகில் ஒட்டாமல் பிய்ந்து போகிறது. இறக்கை திணறுகிறது, சக்தி போய்விடுகிறது. கீழே நின்று பார்த்தாலே தெரியும்: நல்ல காற்றிலும் ‘விர்’ரென்ற சத்தம் இருக்காது, சக்கரம் சோம்பலாகச் சுற்றும், இறக்கைகளை எண்ணிவிடலாம்.

மருந்து எளிது. தட்டுகளுக்கு இடையே உள்ள ஸ்டட்டுகளில் 1 மி.மீ. வாஷர்களைக் கூட்டி இடைவெளியை அகலப்படுத்துங்கள். 17 மி.மீ.யை 20 ஆக்கினால் காந்தப்புலம் ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். சார்ஜ் தொடங்கும் வேகம் அதே அளவு ஏறும். ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கூட்டி, 2 வாரம் ஆம்பியரைப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். 140-லிருந்து 160 சுற்றுக்குள் தொடங்கும்படி வந்தால் சரியான இடம். இடம் போதாவிட்டால் குறைந்த சுற்றுக் காயிலோடு புது ஸ்டேட்டர் வார்க்கவேண்டியதுதான்.

‘மெல்லிய காற்றிலேயே சார்ஜ் ஆகிறதே’ என்ற ஆசைதான் இந்தத் தவறுக்கு விதை. விநாடிக்கு 3 மீட்டர் காற்றில் கிடைப்பதே 10, 20 வாட். அதைப் பிடிக்கப்போய் 8 மீட்டர் காற்றின் 400 வாட்டை விட்டுவிடுகிறீர்கள்.

சோலாருக்கு வாங்கிய சார்ஜ் கன்ட்ரோலரிலேயே காற்றாலையையும் இணைக்கலாமா? (தென்காசி)

கூடாது. சோலார் கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டிக்கும். பேனலுக்கு அதனால் ஒன்றுமில்லை. காற்றாலைக்குச் சுமை போய்விட்டால் கடிவாளம் இல்லாத குதிரை. மின்னழுத்தமும் 100 வோல்ட்டைத் தாண்டி ஏறி கன்ட்ரோலரையும் எரிக்கும். பேட்டரி இணைப்பு எப்போதும் இருக்கவேண்டும். மிகுதியை ஒரு ஹீட்டருக்குத் திருப்பும் டம்ப் லோடு கன்ட்ரோலர் வேண்டும். ஹீட்டர் காற்றாலையின் முழு ஆம்பியரையும் விழுங்கும் அளவில், 24 வோல்ட்டில் 30 ஆம்பியர் வரை, இருக்கட்டும்.

பிரேக் சுவிட்சை ரெக்டிஃபையருக்கு முன்னால், மூன்று ஒயரையும் ஒன்றாகச் சேர்க்கும்படி வையுங்கள். ரெக்டிஃபையருக்குப் பின்னால் வைத்தால் நீங்கள் ஷார்ட் செய்வது பேட்டரியை. காற்று தணிந்த நொடி பார்த்துப் போடுங்கள். புயல் வேகத்தில் போட்டால் சக்கரம் நிற்காது, காயில்தான் வேகும்.

ஆடிக் காற்றைத் தாங்குமா? வால் மடங்கும் அமைப்பு அவசியமா? (ஆரல்வாய்மொழி)

கணவாய்க் காற்றில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! விநாடிக்கு 10 மீட்டர் காற்றிலேயே இறக்கை நுனி மணிக்கு 234 கி.மீ. வேகத்தில் ஓடும். சக்கரத்தின் மேல் காற்று தள்ளும் விசை 22 கிலோ. காற்று 20 மீட்டரானால் அது 4 மடங்கு. அதைவிடக் காயில் சூடு மோசம். இந்த ஸ்டேட்டரில் பேட்டரிக்கு 20 ஆம்பியர் போகும்போது காயிலுக்குள் 330 வாட் சூடாகிறது. 25 ஆம்பியரில் 500 வாட்டைத் தாண்டுகிறது. ஒரு இஸ்திரிப் பெட்டியை ரெசினுக்குள் புதைத்தது போல. எனவே 20 ஆம்பியரில் வால் மடங்கத் தொடங்கி, 25-க்கு மேல் போகாமல் நிற்கவேண்டும்.

சக்கரத்தின் அச்சு, கோபுரக் குழாயின் மையத்திலிருந்து சுமார் 125 மி.மீ. பக்கவாட்டில் விலகி இருக்கட்டும். வாலின் கீல் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்திருக்கட்டும். காற்று சக்கரத்தைத் தள்ளும்போது, அந்த விலகலால் சக்கரம் ஒதுங்கப் பார்க்கும். வால் சாய்ந்த கீலில் மேலேறித்தான் மடங்க முடியும் என்பதால் தன் எடையால் எதிர்க்கும். காற்றின் விசை வென்றால் சக்கரம் ஒருக்களித்துவிடும். ஸ்பிரிங் எதுவும் வேண்டாம். 25 ஆம்பியரைத் தாண்டியும் மடங்காவிட்டால் வாலின் எடையைக் குறையுங்கள். 10 ஆம்பியரிலேயே மடங்கினால் வால் நுனியில் எடை கட்டுங்கள். மடங்கிய வால் இறக்கையில் மோதாமல் ஒரு தடுப்பு வேண்டும். கீலுக்குச் சித்திரையிலேயே கிரீஸ் வையுங்கள். துருப்பிடித்து வால் மடங்காமல் நின்றுபோன இயந்திரத்தைத்தான் ஆடி தேடிப்பிடிக்கும்.

கடலோரத்தில் காந்தம் துருப்பிடிக்கிறது. நியோடிமியம் இல்லாமல் செய்ய முடியாதா? (மன்னார்)

முடியும். 2000-களின் தொடக்கத்தில் இலங்கைக்கும் பெருவுக்குமாக ஐ.டி.டி.ஜி. என்ற பிரிட்டன் தொண்டு அமைப்பு பிகாட்டைக் கொண்டு உருவாக்கிய நிலைக்காந்த ஜெனரேட்டரில் ஃபெரைட் காந்தம்தான் இருந்தது. ஃபெரைட் துருப்பிடிக்காது, ஆனால் பலம் நியோடிமியத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதே சக்திக்கு இயந்திரம் பெருத்து, செம்பும் எடையும் கூடும். ஸ்பீக்கர் காந்த வளையங்கள் உதவாது. கட்டியாக வருவது வேண்டும்.

நியோடிமியத்திலேயே செய்வதானால், நிக்கல் பூச்சை நம்பாதீர்கள். ஒரு கீறல் போதும்: உள்ளே உப்பு இறங்கி காந்தம் உப்பி, ரெசினைத் தூக்கி, ஸ்டேட்டரில் உரச ஆரம்பிக்கும். தட்டுகளை வார்க்க பாலியெஸ்டருக்குப் பதில் வினைல் எஸ்டர் ரெசின் போடுங்கள். தட்டை முதலில் கால்வனைஸ் செய்துவிடுங்கள். ஆண்டுக்கொருமுறை ஸ்டேட்டரின் இரு பக்கமும் ஒரு அட்டையை விட்டுச் சுற்றிப் பார்த்தால் இடைவெளி குறைந்திருப்பது தெரிந்துவிடும்.

மர இறக்கைக்கு அளவு? (அந்தியூர்)

மையத்திலிருந்து 30 செ.மீ.யில் அகலம் 150 மி.மீ., கோணம் 17 பாகை. 60-ல் 117, 7 பாகை. 90-ல் 80, 4 பாகை. நுனியில் 60, 2 பாகை. கனம் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு. முடிச்சில்லாத, நார் நேராக ஓடும், காய்ந்த மரம். மூன்றையும் ஒரே பலகையில் எடுத்தால் எடை சமப்படுத்துவது சுலபம். பி.வி.சி. குழாய் இறக்கை இந்த அளவுக்கு வேண்டாம்; வெயிலில் நொறுங்கும்.

மாதம் எத்தனை யூனிட் கிடைக்கும்? (பொள்ளாச்சி)

ஆண்டுச் சராசரிக் காற்று விநாடிக்கு 4 மீட்டர் என்றால் நாளுக்கு ஒன்றரை யூனிட், 5 மீட்டர் என்றால் 3 யூனிட். கணக்கு அவ்வளவுதான். 1 கிலோவாட் சோலார் பேனல் நம் ஊரில் நாளுக்கு 4 யூனிட் தரும், செலவும் குறைவு. யூனிட்டுக்காக மட்டும் கேட்கிறீர்கள் என்றால் பேனல் வாங்குங்கள். வெயில் மங்கி காற்று தூக்கும் ஆனி, ஆடியில் பேனலுக்குத் துணையாக வேண்டும், கையால் செய்யும் ஆசையும் இருக்கிறது என்றால் காற்றாலை.

பெரிய காற்றாலைகள் நிற்கும் ஊர் என்பதால் உங்கள் தோட்டத்திலும் அதே காற்று என்று நினைக்காதீர்கள். அவை பல பத்து மீட்டர் உயரத்துக் காற்றில் சுற்றுகின்றன. தென்னந்தோப்புக்கு நடுவே 6 மீட்டர் குழாயில் வைத்தால் சுழலும், மின்சாரம் வராது. சுற்று வட்டாரத்தில் 100 மீட்டருக்குள் உள்ள எதையும்விட 10 மீட்டர் உயரத்தில் சக்கரம் இருக்கவேண்டும். காந்தத்துக்கு ஒதுக்கிய பணத்தைவிடக் கோபுரத்துக்கும் ஸ்டே கம்பிக்கும் அதிகம் போகும்.

கோபுரம் தூரமாக இருக்கிறது. 12 வோல்ட்டா, 24-ஆ? (திருப்பூர்)

30 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மி.மீ. கேபிளில் ஏறக்குறைய 500 வாட் கொண்டுவர, 24 வோல்ட்டில் சுமார் 70 வாட் வழியிலேயே போகும். 12-ல் 275 வாட். 48-ல் 17. பதில் அதிலேயே இருக்கிறது.

சக்கரம் காற்றுக்கேற்பத் திரும்பித் திரும்பி ஒயர் முறுக்கிக்கொள்ளாதா? ஸ்லிப் ரிங் (சுழலும்போதும் மின்தொடர்பு விடாத வளையம்) வேண்டாமா? (ஒட்டன்சத்திரம்)

வேண்டாம். குழாய்க்குள் ரப்பர் உறை போட்ட நெகிழ்வான கேபிளைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு பிளக் வையுங்கள். காற்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் திருப்புவதால் முறுக்கு மெதுவாகத்தான் சேரும். சில மாதத்துக்கு ஒருமுறை, காற்றில்லாத காலையில் பிளக்கைக் கழற்றி, முறுக்கை விடுவித்து, திரும்பச் செருகுங்கள். கழற்றிய நேரத்தில் சக்கரத்துக்குச் சுமை இருக்காது. மேல் பக்கத்து மூன்று முனைகளையும் ஷார்ட் செய்யும் இன்னொரு பிளக்கைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.